திருத்தம் இல்லாத வாரம்

கையை இப்படி மேசைமேல் வையுங்கள் சார். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். அவ்வளவுதான். அவசரமே இல்லை. வெறும் வயிறுதானே? காபி குடிக்கவில்லையே? சிலர் குடித்துவிட்டு இல்லை என்பார்கள். ரிசல்ட் ஏறி வந்தால் ஊசி போட்டவளைத் திட்டுவார்கள்.

பெயர் சங்கரலிங்கம், வயது எழுபத்தொன்று. சரிதானே? பெருமாள்புரம் பக்கம் வழக்கமாக வருகிறவர் லீவு. அதனால் என்னை அனுப்பினார்கள். என் பெயர் பியூலா. லேபில் பழைய ஆள் நான்தான். நான் சேர்ந்தபோது இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

உங்கள் கை ஜில்லென்று இருக்கிறது. பயமில்லை என்று நீங்கள் சொல்லலாம், கை வேறு சொல்கிறது. பயந்தவர்களை எனக்கு நன்றாகத் தெரியும் சார். இரண்டு வகை. ஒரு வகை வாயைத் திறக்க மாட்டார்கள், உங்களை மாதிரி. இன்னொரு வகை வாயை மூட மாட்டார்கள். பேத்தி கல்யாணம், மோட்டார் ரிப்பேர், பக்கத்து வீட்டு முருங்கை மரம் என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் ஊசியைத் தள்ளிப்போடத்தான். நான் பேசவிட்டுவிடுவேன். பேச்சுக்கு நடுவிலேயே எடுத்துவிடுவேன். பஞ்சை வைத்து, கையை மடக்கி, பெட்டியை மூடின பிறகு கேட்பார்கள், "எப்பம்மா குத்துவே?" என்று. எப்பம்மா குத்துவே! இந்தத் தொழிலில் எனக்கு வேறு பெருமை கிடையாது. அந்த ஒரு கேள்விதான்.

அம்மா, எனக்குக் காபி வேண்டாம்மா. நிஜமாகவே வேண்டாம். நேற்று ஒரு வீட்டில் கொடுத்தார்கள், டம்ளர் வழுக்கி எல்லாம் தரையில். புது டம்ளர், வழவழவென்று இருந்தது.

எங்கே பார்க்கிறீர்கள் சார்? இந்த விரல் நுனியையா? அது காய்ப்பு. ஊசி பிடித்து வந்தது இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள். யுகுலேலே என்று ஒரு வாத்தியம். கிடார் குட்டி போட்டது மாதிரி இருக்கும், நாலே கம்பி. என் மகள் ஜெனிட்டா வாங்கினது. கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்கிறாள், மூன்றாவது வருஷம். லீவுக்கு வந்தவள் அதை வீட்டில் போட்டுவிட்டுப் போனாள். "யம்மா, ஒனக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும். சும்மா சீரியல் பாத்துக்கிட்டுக் கெடக்காத" என்றாள். அவள் அப்பா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதானே. என் போனில் ஒரு குழுவிலும் சேர்த்துவிட்டாள். உலகம் முழுக்க இருக்கிற தமிழ் ஆட்கள், எல்லாரும் என்னை மாதிரி வயதான பிறகு கற்றுக்கொள்கிறவர்கள். நடத்துவது தேவகி அக்கா. மலேசியாவில் கிள்ளான் என்று ஒரு ஊர்.

முதலில் என் தெருவில் பெரிய கேலி. எதிர்வீட்டு ஞானத்தாய் மதினி வாசலில் நின்றுகொண்டு, "ஏட்டி பியூலா, நாலு நாளா ஒரு கொசு ஒன் வீட்டுக்குள்ள அழுதுக்கிட்டே இருக்கே, அடிக்க மாட்டியா?" என்றாள். நான் வாத்தியத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வெல குடுத்தாளா ஒம்மவ? பெருசா வளந்த பெறகு குடுங்கன்னு சொல்லிருக்கலாம்லா" என்றாள்.

ஆனால் வந்துவிட்டது சார். எனக்கே ஆச்சரியம். இடது கை விரல்களால் கம்பியை அழுத்த வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். அழுத்துவதற்குப் பிடி என்போம். முதலில் சொல்லிக்கொடுப்பது சி என்கிற பிடி. ஒரே ஒரு விரல். மோதிர விரலைக் கடைசிக் கம்பியில் வைத்து அழுத்தினால் போதும். எல்.கே.ஜி. பிள்ளைகள்கூடப் பிடிக்கும். ஊசி பிடித்த கை இல்லையா, எனக்கு முதல் நாளே சுத்தமாக விழுந்தது. ஜெனிட்டா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அது பாடம் மாதிரி. பேனாவால் என் புறங்கையில் கோடு போட்டு ஒவ்வொரு சதைக்கும் பேர் சொன்னாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது பாருங்கள், அதைக் கிள்ளி, "ஒனக்கு இந்தச் சதை சூப்பரா இருக்கும்மா, எங்க மேடத்துக்குக்கூட இப்பிடி இல்ல" என்றாள். அன்றைக்கு அந்தக் கோடுகளை அழிக்காமல் அப்படியே டியூட்டிக்குப் போனேன்.

இதோ, பட்டையைக் கட்டுகிறேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். இந்த நுனியை நீங்கள் அந்தக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள் சார், நான் சொல்லும்போது ஒரு இழு இழுத்தால் அவிழ்ந்துவிடும். இல்லை, வழக்கமாக நாங்கள்தான் அவிழ்ப்போம். இப்போது இப்படிச் செய்கிறோம். நல்லதுதானே, உங்கள் கை, உங்களுக்குத்தான் இறுக்கம் தெரியும். நரம்பு இன்னும் எழும்பவில்லை. விரல்களை மூடி மூடித் திறங்கள். இருக்கட்டும், எழும்பும்.

தேவகி அக்கா மாதாமாதம் ஒரு சவால் வைப்பார்கள். தினமும் ஒரு நிமிஷம் வாசித்து வீடியோ எடுத்துப் போட வேண்டும். ஒரே தடவைதான் எடுக்கலாம், தப்பு வந்தாலும் அழிக்கக்கூடாது. முகம் காட்டுவது அவரவர் இஷ்டம், ஆனால் விரல் தெரிய வேண்டும். விரல் தெரிந்தால்தான் மற்றவர்கள் திருத்த முடியும். அதுதான் எங்கள் குழுவின் முக்கியமான சட்டம். ஒருவர் வீடியோ போட்டால் பார்க்கிறவர்கள் சும்மா போகக்கூடாது. ஒரு பாராட்டு, ஒரு திருத்தம் எழுத வேண்டும். பாராட்டு மட்டும் எழுதினால் தேவகி அக்கா விட மாட்டார்கள். "சும்மா நல்லாருக்குனு போட்டா எப்படிலா முன்னேறுறது? திருத்தம் போடுங்க" என்பார்கள்.

எனக்கு முதல் மாதங்களில் வந்த திருத்தங்களைப் பார்க்க வேண்டுமே. கட்டைவிரல் மேலே ஏறுகிறது, தாளம் ஓடுகிறது, மணிக்கட்டு விறைப்பாக இருக்கிறது. குகதாசன் அண்ணன் என்று டொரோண்டோவில் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு அப்பா வயது. அவர்தான் ஒழுங்காகப் பார்த்து எழுதுவார். "வடிவா வாசிக்கிறியள் தங்கச்சி. ஆனால் ஏதோ பஸ்ஸுக்குப் பிந்தின மாதிரி ஓடுறியள்" என்று ஒரு தடவை எழுதினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நிஜமாகவே எனக்கு அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

இந்த மாதச் சவால் மட்டும் கொஞ்சம் வேறு. அன்றும் இன்றும் என்று பேர் வைத்தார்கள். தேவகி அக்காவே ஒரு சின்ன மெட்டு கட்டிக் கொடுத்தார்கள். முதல் நாளும் அதையே வாசிக்க வேண்டும், கடைசி நாளும் அதையே. பிறகு இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட வேண்டும். இடது பக்கம் அன்று, வலது பக்கம் இன்று. எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று நம் கண்ணுக்கே தெரியும் இல்லையா? அதற்குத்தான்.

கடைசி நாள் இன்றைக்குத்தான் சார். சாயங்காலத்துக்குள் போட வேண்டும்.

ஆடாதீர்கள். நான் ஆடுகிறேனா? நான் ஆடவில்லை. மேசை ஆடுகிறது. உங்கள் மேசைக்கு ஒரு கால் கட்டையாக இருக்கிறது போல. பேப்பர் மடித்து வைத்தால் சரியாகிவிடும்.

என்ன ஆயிற்றென்றால், இரண்டாவது வாரம் வாத்தியம் கெட்டுப்போயிற்று. சி பிடித்தால் கம்பி சுத்தமாகப் பேசவில்லை. இர்ர் என்று ஒரு இரைச்சல். மற்றப் பிடிகளெல்லாம் ஏதோ வந்தன, இந்த ஒன்று மட்டும் போய்விட்டது. ஒற்றை விரல் பிடி! நான் கம்பியை மாற்றினேன். அப்புறமும் இர்ர். மழை ஈரத்தில் மரம் ஊறியிருக்கும் என்று அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜங்ஷனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வாங்கி, மடியில் வைத்து வாசித்தார். சுத்தமாக விழுந்தது. "வாத்தியத்துல ஒண்ணும் இல்லையேக்கா" என்றார். துணிக்கடைக் கண்ணாடி மாதிரிதான் சார் இவர்கள் எல்லாரும். கடையில் நிற்கும்போது எல்லாம் அழகாகத் தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்தால்தானே தெரிகிறது. வீட்டுக்கு வந்து பிடித்தேன். இர்ர்.

சரி, வேறு விரலால் அழுத்தலாம் என்று நடுவிரலைப் போட்டேன். திருத்தம் வந்தது. "சி-க்கு மோதிர விரல்" என்று திண்டுக்கல்காரர் ஒருவர் எழுதினார். அடுத்த நாள் மறுபடியும் நடுவிரல். மறுபடியும் திருத்தம். "விரலை மாத்துங்க மேடம், பழக்கம் ஆயிடும்." மூன்றாவது வாரம் நடுவிரலும் சரியாக அழுத்தவில்லை, ஆள்காட்டி விரலைக் கொண்டுவந்தேன். தாளம் பாதியாகிவிட்டது. நான் எழுதிவிட்டேன், மெதுவாக வாசிப்பதுதான் இந்த மெட்டுக்கு அழகு என்று.

அதற்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை.

அந்த வாரத்திலிருந்து எனக்குத் திருத்தமே வருவதில்லை சார். பாராட்டு மட்டும். பூ, கை கூப்பு, மறுபடியும் பூ. திண்டுக்கல்காரர்கூட, "அருமை மேடம், தொடர்ந்து வாங்க" என்கிறார். சட்டத்தை மீறினால் யாரையும் விடாத தேவகி அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் வழக்கம்போல் வருகிறது. கட்டைவிரல், தாளம், மணிக்கட்டு. என் வீடியோவுக்குக் கீழே மட்டும் பூ. திருத்தம் இல்லையென்றால் என்ன பொருள்? திருத்த ஒன்றும் இல்லை என்றுதானே பொருள்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் ஒவ்வொரு நாளும் வீடியோ போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். யாராவது ஒரு திருத்தம் போடட்டுமே, ஒரே ஒரு திருத்தம், கட்டைவிரல் ஏறுகிறது என்று யாராவது திட்டட்டுமே என்று இருக்கும். எடுத்துப் பார்த்தால் பூ.

நரம்பு வந்துவிட்டது. இதோ இருக்கிறது. நல்ல நரம்பு. அந்தப் பக்கம் பாருங்கள் சார், ஜன்னலைப் பாருங்கள். முடிந்த பிறகு நான் சொல்கிறேன்.

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. உள்ளே போய்விட்டது. முன்பெல்லாம் வலது கையால் குத்தி இடது கையால் இழுப்பேன். இப்போது ஒரு கையாலேயே இழுக்கிறேன், பெருவிரலால் தள்ளி. வித்தைதான். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். ஆடாதீர்கள். ரத்தம் வருகிறது. நன்றாக வருகிறது. இப்போது இழுங்கள் சார், பட்டையை. இழுங்கள்! நன்றி. கெட்டிக்காரர் நீங்கள். வண்ணார்பேட்டையில் ஒரு டீச்சரம்மாவிடம் இதைச் சொல்லத் தோன்றவில்லை எனக்கு. பட்டையை அவிழ்க்க நேரமாகிவிட்டது, அந்தம்மா கையை ஆட்டிவிட்டார்கள், முழங்கை முழுக்கக் கத்திரிக்காய் நிறம். மகன் லேபுக்கு போன் செய்துவிட்டான். எங்கள் மேனேஜர் இசக்கிமுத்து நல்ல பையன்தான், என் தம்பி வயது. தனியாகக் கூப்பிட்டு, "பியூலாக்கா, ஒங்கள நான் என்ன சொல்ல. இன்னொரு போன் வந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க" என்றான். இந்த வேலையை வைத்துத்தான் சார் ஜெனிட்டா படிப்பு. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. ஒன்றரை வருஷம் இந்தக் கை இருந்தால் போதும். இந்த வேலை, வேலை இருந்தால் போதும்.

முடிந்தது. பஞ்சை அழுத்திக்கொள்ளுங்கள். வலித்ததா? கடைசியில் நீங்கள் கொஞ்சம் அசைந்துவிட்டீர்கள். இந்த இடம் லேசாக வீங்கும். நீலமாகலாம். ஐஸ் வையுங்கள், இரண்டு நாளில் போய்விடும். போன் எல்லாம் செய்ய வேண்டாம், ஒன்றுமில்லை இது. இந்தக் குழாயின் மூடியைக் கொஞ்சம் திறந்து தருகிறீர்களா? புதுச் சரக்கு, ரொம்ப இறுக்கமாக வருகிறது. நன்றி சார். உங்களுக்கு உடனே வந்துவிட்டது.

மோதிரத்தையா பார்க்கிறீர்கள்? நூல் சுற்றியிருக்கிறேன். லூசாகிவிட்டது. ஒரு தடவை மாவு பிசையும்போது கழன்று மாவுக்குள் போய்விட்டது, அன்றைக்கு எல்லாச் சப்பாத்தியையும் பிய்த்துப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். மெலிந்துவிட்டேன், எல்லாரும் சொல்கிறார்கள். ஞானத்தாய் மதினிகூட, "சுகர் பாத்தியாட்டி? ஊரான் சுகரத்தான் பாப்பியோ?" என்றாள். பார்த்தேன். சுகர் இல்லை. தைராய்டும் பார்த்தேன், இல்லை. லேபிலேயே என் ரத்தத்தை எடுத்து எல்லாம் பார்த்துவிட்டேன். எல்லாம் நார்மல். ரத்தத்தில் ஒன்றும் இல்லையென்றால் உடம்பில் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?

இந்த மேடு, ஜெனிட்டா கிள்ளின இடம், இப்போது குழியாக இருக்கிறது. வலது கையில் மேடு அப்படியே இருக்கிறது, இடது கையில் இல்லை. வேலை செய்கிற கை வலது கைதானே, அது கொஞ்சம் தடிமனாகத்தான் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் தோலுக்கு அடியில் ஏதோ துடிக்கிறது. பல்லி வால் மாதிரி. உற்றுப் பார்த்தால் நின்றுவிடும். காபியைக் குறைக்க வேண்டும்.

போன வாரம் குகதாசன் அண்ணன் எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார். குழுவில் இல்லை, தனியாக. முதலில் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அப்படியே எனக்கு மனப்பாடம். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. ஒரு கடதாசித் துண்டை எடுத்து மோதிர விரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுவிலை வைச்சு இறுக்கிப் பிடியுங்கோ. வேறை ஆரையும் இழுக்கச் சொல்லுங்கோ. லேசா வந்திட்டுதெண்டால் பிந்தாமல் ஒரு நரம்பு டொக்டரைப் பாருங்கோ. என்ரை மனிசிக்கும் இப்பிடித்தான் தொடங்கினது."

அவர் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும், மரியாதைக்காவது கேட்க வேண்டும். கேட்கவில்லை. அவருடைய பழைய வீடியோக்களை எடுத்துப் பார்த்தேன். அவர் வாசிப்பார், பின்னால் மூலையில் ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் அது சக்கரம் வைத்த நாற்காலி. இப்போதெல்லாம் அந்த மூலையில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது. வீட்டை மாற்றி அடுக்கியிருப்பார்கள். வெளிநாட்டில் அடிக்கடி மாற்றி அடுக்குவார்களாம்.

கடதாசி வைத்துப் பார்த்தீர்களா என்கிறீர்களா? பார்த்தேன். ஆனால் நானே பிடித்து நானே இழுத்தால் அது கணக்கில் வராது இல்லையா? அவர் தெளிவாகச் சொன்னார், வேறு ஆளை இழுக்கச் சொல் என்று. வீட்டில் வேறு ஆள் ஏது? ஞானத்தாய் மதினியைக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். லேபில் கேட்கவே முடியாது. அதனால் மேசை டிராயரைத் திறந்து, கடதாசியின் ஒரு நுனியை அதில் வைத்து மூடி, மறு நுனியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு கையைப் பின்னால் இழுத்தேன். கடதாசி டிராயரோடு நின்றுவிட்டது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் டிராயரில். ஆனால் அந்த டிராயர் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் சார். நல்ல பலமான ஆள் இழுத்தாலே வராது. டிராயரோடு போட்டி போட்டால் எந்தக் கை ஜெயிக்கும்?

முந்தா நாள் தேவகி அக்காவே போன் செய்தார்கள். குழு ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அவர்கள் போன் செய்தது கிடையாது. "பியூலா, நீங்க கடைசி வீடியோ போட வேணாம்லா. ஓய்வு எடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எல்லாரும் போடும்போது என்னை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? நான் போடுவேன் அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெகுநேரம் போன் காதிலேயே இருந்தது.

ஏனென்றால் ஜெனிட்டாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள். பரீட்சை முடிகிற வரைக்கும் போனைத் தொடுவதில்லை என்று ஒரு வைராக்கியம் அவளுக்கு. வாரம் ஒரு தடவை ஹாஸ்டல் போனிலிருந்து பேசுவாள், அவ்வளவுதான். இந்த மாதம் என் வீடியோ எதையும் பார்க்கவில்லை. இன்றைக்கு மத்தியானத்தோடு பரீட்சை முடிகிறது. போனைத் திறந்ததும் என்ன செய்வாள்? அம்மா எங்கே என்று தேடுவாள். அன்றும் இன்றும். இடது பக்கம் அவள் கோடு போட்ட கை. வலது பக்கம் இந்தக் கை. அவள் படிப்பே அதுதான் சார். வாசிப்பை எல்லாம் கேட்க மாட்டாள். கையைத்தான் பார்ப்பாள்.

போடாமல் இருந்தால் ஏன் போடவில்லை என்று கேட்பாள். வீடியோவில் வா என்பாள். கையைக் காட்டு என்பாள்.

நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். முதல் நாளுக்கு அடுத்த நாள் எடுத்த வீடியோ போனில் இருக்கிறது. அதே சேலைதான், ஆனால் வேறு நாற்காலி. அதை இன்று என்று ஒட்டிப் போட்டுவிட்டால் என்ன? பழைய மாதிரி சி பிடி சுத்தமாக விழும். நடுவில் போட்டதையெல்லாம் அவள் தோண்டிப் பார்க்க மாட்டாள். தப்புதான். குழுவை ஏமாற்றுவதுதான். ஆனால் அதுவும் என் கைதானே? யாருடைய கையையோ கொண்டுவந்து போடவில்லையே.

ரத்தம் நின்றுவிட்டதா? காட்டுங்கள். கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. அம்மாவிடம் ஐஸ் கேட்டு வாங்குங்கள். நான் கிளம்ப வேண்டும், இன்னும் இரண்டு வீடு இருக்கிறது.

சார், ஒரு சின்ன உதவி. நாளை முதல் இந்தப் பக்கம் வழக்கமான ஆளே வருவார், நீங்கள் இனிமேல் என்னைப் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் கேட்கிறேன். இது உங்கள் ரசீதின் கிழிபட்ட துண்டு, வேண்டாத பேப்பர்தான். இதோ, இடது கை. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். இறுக்கிப் பிடித்திருக்கிறேன். நீங்கள் அந்த நுனியைப் பிடித்து இழுங்கள். பட்டையை இழுத்தீர்களே, அது மாதிரி. வயதானவர் என்று விட்டுக்கொடுக்க வேண்டாம், பலமாகவே இழுங்கள். நான் விட மாட்டேன்.

இருங்கள், நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சொன்ன மாதிரிதான். பார்த்தால் கை தானாக விறைத்துக்கொள்ளும், அது சரியான சோதனை இல்லை. ஜன்னலைப் பார்க்கிறேன். உங்கள் செம்பருத்தி நன்றாகப் பூத்திருக்கிறது.

ம், இழுங்கள் சார்.

நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இறுக்கமாகப் பிடித்திருக்கிறேன். அம்மா ஏன் சமையலறை வாசலில் வந்து நின்று உங்கள் கையையே பார்க்கிறார்கள்? ஒன்றுமில்லைம்மா, ஒரு விளையாட்டு. நீங்கள் ஏன் சார் பேசாமல் இருக்கிறீர்கள்? யோசிக்காதீர்கள், இழுங்கள்.

எப்போது சார் இழுப்பீர்கள்?